உக்குவளைப் பள்ளிக்கூடத்தில் வெண்கட்டிக் களவு

நான் வாழ்க்கையில் ஒரேயொரு முறைதான் களவெடுத்திருக்கிறேன். அதுவும் அரசாங்கச் சொத்து. அதையும் தின்று தீர்த்துவிட்டேன்.

எழுபதுகளின் ஆரம்பம். எதை வாங்கப் போனாலும் கடையில் "ஸ்டொக் இல்ல" என்று சொல்லும் காலம். தினமும் மாத்தளையிலிருந்து ரயில் கோச்சியில் உக்குவளைக்குப் போய், ஒரு சிறிய தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பித்தேன். நியமனம் இன்னும் நிரந்தரமாகவில்லை. கல்வி அதிகாரி வந்து பார்த்து "சரி" என்று எழுதவேண்டும். அவர் வரவிருந்த பள்ளித் தவணையில்தான் எனக்கு வயிற்றில் ஏழு மாதம்.

நெஞ்செரிச்சல் என்றால் அப்படி இப்படி இல்லை. தண்ணீர் குடித்தாலும் எரியும், தண்ணீரை நினைத்தாலும் எரியும். என் கணவர் இஞ்சிச் சாறு, கொத்தமல்லித் தண்ணீர், ஆறின பால் என்று வரிசையாகக் கொண்டுவந்து நீட்டி, அரை நிமிடத்துக்கு ஒருதரம் "இப்ப எப்படி?" என்பார். (அந்தக் கேள்வியும் எரிந்தது.)

ஒருநாள் பிள்ளைகளின் வரவு இடாப்பைப் புரட்ட விரலை நாக்கில் தொட்டேன். விரலெல்லாம் கரும்பலகையில் எழுதிய வெண்கட்டித் தூள். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அடடா! அன்றைக்கு அரைக் கட்டி. மறுநாள் ஒரு கட்டி. அடுத்த கிழமை ஹெட் மாஸ்டரின் அலுமாரியிலிருந்து நாளுக்கு நாலு. தவணை முழுவதற்கும் இரண்டே பெட்டிதான் வரும் என்று தெரியும். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் எரிந்தது நெஞ்சல்லவா?

அதிகாரி வரும் நாளும் வந்தது. பயத்தில் எரிச்சல் இரட்டிப்பானது. இடைவேளையில் அலுமாரியைத் திறந்து, தூள் ஒட்டாமல் சேலைத் தலைப்பால் ஒரு கட்டியைப் பிடித்து, அவசரமாக மென்று விழுங்கினேன். (கைதேர்ந்த கள்ளி!) வகுப்புக்குள் வந்தால் அங்கே அதிகாரி, பக்கத்தில் ஹெட் மாஸ்டர்.

"சேர், இங்க வெண்கட்டி களவு போகுதுங்க," என்றார் ஹெட் மாஸ்டர். "இன்னைக்குப் பொறி வச்சிருக்கேன். காப்பிங் பென்சில சொரண்டித் தூளாக்கி வெண்கட்டியில தடவியிருக்கேன். பாத்தா தெரியாது. ஈரம் பட்டா ஊதா. புள்ளைங்களா, எல்லாரும் கைய நீட்டுங்க!"

நானும் மேசைக்கடியில் என் கையைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அப்பாடா, வேலை தப்பியது!

முன்வரிசையில் ஒரு சிறுமியின் விரல்கள் மட்டும் ஊதாவாக இருந்தன. "நாவப்பழம் சேர்..." என்று அழத் தொடங்கினாள். ஹெட் மாஸ்டர் பிரம்பை எடுத்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. என்னைக் காட்டிக்கொடுக்கும் எண்ணம் துளியும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையை மட்டும் காப்பாற்றலாம் என்று வாயை அகலத் திறந்து, "ஐயோ, அடிக்காதீங்க சேர்! அவ எடுக்கலங்க!" என்றேன்.

உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:

"டீச்சர் நாக்கப் பாருங்க!"

நாக்கு, பல், உள்ளுதடு எல்லாம் ஊதா. அழுதுகொண்டே கொட்டித் தீர்த்தேன். "நெஞ்சு எரியுதுங்க சேர், தாங்க முடியல. நான்தாங்க தின்னேன். வேல போனாலும் பரவாயில்ல, புள்ளய அடிக்காதீங்க." (பரவாயில்லை என்றது பொய். வேலை போனால் எங்கள் பாடு திண்டாட்டம்.)

அதிகாரி பேனாவைத் திறந்தார். "அப்ப கள்ளன் யாருன்னு நான் எழுதுறது, மாஸ்டர்?"

ஹெட் மாஸ்டர் பிரம்பைக் கீழே வைத்தார். என் முகத்தையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேருங்க சேர். ஒரு ஆள் இன்னும் பொறக்கல. விசாரிக்க வழியில்ல."

அதிகாரி சிரித்த சிரிப்பில் பேனா கீழே விழுந்தது. அவர் களவைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, என் நியமனம் நிரந்தரமானது. மறுநாள் அந்தச் சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டு, பேக்கரியில் ஒரு பணிஸ் வாங்கிக் கொடுத்தேன்.

மகள் பிறந்து பதினாறாம் நாள் ஹெட் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, "ஓ, மத்த ஆளும் புடிபட்டாச்சு!" என்றார்.

நாங்கள் நாள் நட்சத்திரம் பார்த்து அவளுக்கு நல்ல பெயர்தான் வைத்தோம். யார் கூப்பிட்டார்கள்? இன்று அவளுக்கே இரண்டு பிள்ளைகள். வாசலில் அவள் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், என் கணவர் உள்ளேயிருந்து கேட்பார்: "யாரு, மத்த ஆளா?"