பேட்டரி அக்காவும் நம்பர் இல்லாத வண்டியும்

திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் சட்டத்தை மதித்து வண்டி ஓட்டிய ஒரே ஆள் எங்கள் பேட்டரி அக்காதான். போலீஸ் அதிகமாகப் பிடித்ததும் அவரைத்தான்.

அக்கா காலடிப்பேட்டையில் ரவிக்கை தைப்பவர். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுக்க எப்போதும் யாரையாவது கெஞ்ச வேண்டும். பேட்டரி ஸ்கூட்டர் புதிதாக வந்த சமயத்தில் ஒன்று வாங்கிவிட்டார். உதைக்க வேண்டாம், கியர் கிடையாது. வேகம் குறைவு என்பதால் லைசென்ஸும் வேண்டாம், நம்பரும் வேண்டாம். இது அக்காவுக்குத் தெரியும், விற்ற கடைக்காரருக்குத் தெரியும். போலீசுக்கு மட்டும் தெரியாது.

சிக்னலில் சிவப்பு விழுந்தால், ரோட்டில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் நிற்பார். பின்னால் கண்டெய்னர் லாரிகள் ஹாரனில் கதறும். அக்கா திரும்பி, "செவப்பு எரியுது, கண்ணு இல்ல உனக்கு? வண்டி பெர்சா கீதுன்னா ரோடும் உன்னுதா?" என்பார். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிடுவார். தைத்த துணிப் பையோடு துணைக்கு நான் பின்னால் உட்கார்ந்தால் மேம்பாலத்தில் வண்டி ஏறாது. இறங்கி நடப்பேன். மேலே போய் அக்காவுக்காகக் காத்திருப்பேன்.

ஒருநாள் காலை, ஒரு புதுக் கான்ஸ்டபிள் எங்களை மடக்கினார்.

"நம்பர் எங்கம்மா?"

"இந்த வண்டிக்கு நம்பர் கெடையாது சார்."

"லைசென்ஸ்?"

"அதுவும் கெடையாது."

"அப்ப இன்னாதான் கீது உன்கிட்ட?"

"சட்டம் கீது!"

கூட்டம் சிரித்தது. ரோஷம் வந்த கான்ஸ்டபிள், வண்டியை ஸ்டேஷனுக்குத் தள்ளச் சொன்னார். அக்கா இறங்கவே இல்லை.

"தப்பே பண்ணாத வண்டிய நான் ஏன் தள்ணும்? நீ தள்ளு!"

அக்காவோடு சேர்த்தே தள்ளினார், பாவம். நானும் ஒரு கை கொடுத்தேன்.

இன்ஸ்பெக்டர் வரச் சாயங்காலம் ஆனது. யாருக்கோ போன் போட்டுக் கேட்டுவிட்டு, "ஆமாய்யா, இதுக்கு ஒண்ணும் வேணாமாம். விட்டுடு" என்றார். அக்கா சாவியைத் திருகினார். வண்டி அசையவில்லை. ஸ்டேஷனில் இருந்தவரெல்லாம் காம்பவுண்டுக்குள் ஆளுக்கொரு ரவுண்டு ஓட்டிப் பார்த்ததில் சார்ஜ் தீர்ந்திருந்தது.

அக்கா உள்ளே போய், இன்ஸ்பெக்டரின் மேசை ஃபேனைப் பிடுங்கிவிட்டு சார்ஜரைச் சொருகினார். "ஓட்டுனது நீங்க. கரண்டும் நீங்களே குடுங்க!"

இன்ஸ்பெக்டர் ஒரு ஃபைலால் விசிறிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் கான்ஸ்டபிள் டீயோடு வந்து நின்றார். குரல் இறங்கியிருந்தது. "அக்கா, என் தங்கச்சிக்கும் கால் இப்டித்தான். வூட்ட வுட்டு வெளிய வர்றதே இல்ல. இந்த வண்டி அவளால ஓட்ட முடியுமா?"

அக்கா அவரை முறைத்தார். "காலைலயே இத்த கேட்டிருந்தா அப்பவே சொல்லிருப்பேனே! ஒரு பொழுத பாழாக்கிட்டியே, நைனா!"

ஞாயிற்றுக்கிழமை அக்காவே வண்டியை எடுத்துக்கொண்டு கான்ஸ்டபிள் வீட்டுக்குப் போனார். துணைக்கு நான். அந்தப் பெண் தட்டுத்தடுமாறி ஓட்டினாள். அண்ணன் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடினார். "வுடுய்யா! நீ புட்ச்சிகினே இருந்தா அவ எப்டி ஓட்டுவா?" என்று அக்கா கத்த, அவர் கையை விட்டார். அவள் தெருமுனை வரை தனியாகப் போய், சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

"கைகூட காட்டாம திரும்புறியே, பின்னால லாரி வந்தா இன்னா பண்ணுவே?" என்று அவளையும் விளாசினார் அக்கா. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே விளாசினார்.

அக்கா இப்போது இல்லை. இன்றைக்கும் காலடிப்பேட்டை பக்கம் போனால் கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கிறேன். அந்தக் குரல் என்னையும் ஒரு தடவை திட்டாதா என்றிருக்கிறது.