மாதிரியாரும் ஆரஞ்சு ஜூஸும்

கழிவறை கழுவும் அமிலத்தைப் பார்த்து உங்களுக்கு எப்போதாவது நாக்கில் எச்சில் ஊறியிருக்கிறதா? இல்லையா? அப்படியானால் நீங்கள் இன்னும் மாதிரியாரின் வாடிக்கையாளர் ஆகவில்லை. அவசரப்படாதீர்கள், ஆக்கிவிடுவார்.

மாதிரியார் என்பது ஓர் ஆளின் பெயரல்ல, ஓர் இனத்தின் பெயர். எந்தப் பொருளையும் அந்தப் பொருளாக இருக்கவிடாத இனம். நான் அறிந்த மாதிரியார், வீடு கழுவும் சாமான்கள் தயாரிக்கிறார். அவருடைய விசிட்டிங் கார்டு விமான டிக்கெட் மாதிரி இருக்கும். அலுவலக வாசல் வங்கி மாதிரி இருக்கும், அதனால் வாரத்துக்கு ஒருவராவது பாஸ்புத்தகத்தோடு வந்து வரிசையில் நிற்பார். பாத்திரம் தேய்க்கும் சோப்பின் பெட்டி நகைப் பெட்டி மாதிரி இருக்கும், அதை மனைவிக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்த கணவர் ஒருவர் இன்னும் வெளி அறையில்தான் படுக்கிறார். மகனுக்குப் பெயர் வைக்கும்போதுகூட "எதிர்வீட்டுப் பையன் மாதிரி" என்றாராம். இன்று அந்தத் தெருவில் ஒரு பெயரைக் கூப்பிட்டால் இரண்டு பையன்கள் ஓடி வருகிறார்கள்.

சிவப்பு வேண்டும், நீலம் வேண்டும் என்று அவர் வாயால் கேட்டதே கிடையாது. கைபேசியை நீட்டுவார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்குவார். "இது மாதிரி" என்பார். முடிந்தது.

போன மாதம் அவர் நீட்டிய படத்தில் இருந்தது, எல்லா வீட்டுக் குழந்தைகளும் அழுது கேட்கும் ஆரஞ்சு ஜூஸ். வடிவமைக்க வேண்டியது கழிவறை அமிலத்தின் பாட்டில். அவருடைய அலுவலகத்தில் பெட்டி, பாட்டில்களுக்கெல்லாம் டிசைன் போடும் பெண் படத்தைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"அமிலத்துக்கா சார்?"

"அமிலத்துக்குத்தான். அதே வெட்டின பழம், அதே சாய்ஞ்ச எழுத்து, அதே பச்சை மூடி."

"காப்பி ஆகாதா?"

"எப்படிம்மா ஆகும்? அவங்க குடிக்கிறதை விக்கிறாங்க. நாம கழுவுறதை விக்கிறோம். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லையே."

சம்பந்தமே இல்லை என்பதுதான் அவருடைய வாதம். சம்பந்தமே இல்லை என்பதுதானய்யா குற்றமே!

"எங்க அக்கா பொண்ணுக்கு மூணு வயசு சார். எழுத்து தெரியாது. பழத்தோட படத்தைப் பார்த்தா எடுத்துக் குடிக்கத்தான் தெரியும்."

"அதுக்குத்தான் பின்னாடி எச்சரிக்கை போடுறோமே."

போட்டார். ஆரஞ்சு நிறத்தின் மேல் ஆரஞ்சு எழுத்தில், எறும்பின் கால் அளவில் போட்டார். படிக்கத் தெரியாதவர்களைப் படம் காட்டி அழைத்துவிட்டு, படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் ஆபத்தைச் சொல்வதற்கு வியாபாரத்தில் என்ன பெயரோ, தமிழில் அயோக்கியத்தனம் என்று பெயர். அதோடு விட்டாரா? "வாசனையும் அது மாதிரி" என்றார். அமிலம் ஆரஞ்சாக மணந்தது.

மாதிரி பாட்டில் வந்த நாளில் கூட்டம் கூடியது. மேசைமேல் அசல் ஜூஸ் ஒன்று, அமிலம் நிரப்பிய மாதிரி ஒன்று. மாதிரியார் கண்ணை மூடிக்கொண்டு, விற்பனையைப் பார்த்துக்கொள்ளும் மச்சினனிடம், "ரெண்டையும் நல்லா மாத்தி மாத்தி வைடா" என்றார். மச்சினன் சீட்டுக் கலைப்பவனைப் போலக் கலைத்தான். மாதிரியார் கண்ணைத் திறந்தார். எது எது? அவருக்குத் தெரியவில்லை. மச்சினனுக்குத் தெரியவில்லை. ஒருவருக்கும் தெரியவில்லை. அறையே கைதட்டியது. பூரித்துப்போன மாதிரியார் ஒரு பாட்டிலைத் திறந்து, கப்பில் ஊற்றி, உதட்டருகே கொண்டுபோனார்.

"மாமா" என்றான் மச்சினன். "அது ஜூஸ்தானா?"

கப் அந்தரத்தில் நின்றது.

"எதும்மா நம்மது?"

"தெரியாது சார்" என்றார் டிசைனர். "தெரியவே கூடாதுன்னுதானே சொன்னீங்க?"

முகர்ந்தார்கள், இரண்டும் ஆரஞ்சு. எச்சரிக்கையைத் தேடினார்கள், மாதிரியார் கண்ணாடியைப் போட்டும் கழற்றியும் பார்த்தார், எழுத்து அகப்படவில்லை. கடைசியில் முதலாளி, மச்சினன், கணக்கர், டிசைனர் எல்லோரும் ஊர்வலமாக அலுவலகக் கழிவறைக்குப் போனார்கள். கப்பில் இருந்ததை இடப்பக்கக் கறையிலும், மற்ற பாட்டிலை வலப்பக்கக் கறையிலும் ஊற்றினார்கள். இடப்பக்கம் பளிச்சென்று வெளுத்தது. மாதிரியாரின் முகமும் வெளுத்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, மாத்திடுவோம்" என்றார்.

"எப்படி சார் வேணும்?"

கை தானாகக் கைபேசிக்குப் போனது. "இந்த இருமல் மருந்து இருக்குல்ல, அது மாதிரி..."

டிசைனர் பாட்டிலில் மிச்சமிருந்த அமிலத்தை அதே கப்பில் ஊற்றி அவர் முன்னால் வைத்தார். "முதல்ல இதைக் குடிச்சிட்டுச் சொல்லுங்க சார். அப்புறம் போட்டுத் தர்றேன்."

அவர் குடிக்கவில்லை. பாட்டில் கறுப்பாக வந்தது. உள்ளங்கை அளவு மண்டையோடு, தள்ளி நின்றாலும் தெரிகிற எச்சரிக்கை. இப்போது மாதிரியார் போகிற இடமெல்லாம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார்: "இது மாதிரி வேற யாருமே பண்ணலை."

சிரித்தீர்களா? நல்லது. இப்போது, உங்கள் சமையலறைத் தொட்டியின் கீழ்க் கதவுக்குள் ஒரு பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டில் இருக்கிறதே, அதில் இருப்பது என்ன? பினாயில். ஊற்றியது யார்? பாட்டிலில் ஒட்டிய பழப் படத்தைக் கிழித்தீர்களா? டிசைனரே இல்லாமல், கூட்டமே போடாமல், மாதிரியாரின் வேலையைத் தனியாளாக முடித்த உங்கள் திறமையை என்னவென்று சொல்ல?

இதைக் கீழே வையுங்கள். எழுந்து போய் அந்தப் பாட்டிலை எடுங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு மூன்று வயது இருக்கலாம். அது உங்களைவிட வேகமாக ஓடும்.