கோதண்டம் சாரின் வரும் வார நிகழ்ச்சிகள்

காரியம் செய்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். செய்யாதவர்களையும் பார்த்திருப்பீர்கள், அவர்கள்தான் நிறைய. இந்த இரண்டு கூட்டத்திலும் சேராமல் நடுவே ஓர் இனம் உலவுகிறது. அறிவிக்கிறவர்கள். ஒரு காரியத்தை மனதில் நினைத்து, அதற்குத் தேதி குறித்து, நேரம் போட்டு, 'அனைவரும் வருக' என்று முடித்து, ஊர் பார்க்கிற இடத்தில் எழுதிவைத்த அந்த நிமிஷமே இவர்களுக்கு உடம்பில் ஒரு களைப்பு வந்துவிடும். செய்து முடித்தவனுக்கு வருகிற அதே களைப்பு. அதற்கு மேல் அந்தக் காரியத்தைச் செய்ய வேறு வேண்டுமா?

பொய்யர்கள் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். பொய்யனுக்குத் தான் சொல்வது பொய் என்று தெரியும். இவர்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

கோதண்டம் சார் அந்த இனத்தில் உயர்ந்த ரகம். எண்ணூருக்கு இந்தப் பக்கம், லாரிகள் ஓயாத விரைவுச் சாலைக்கும் அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கல்லுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த புன்னையடிக் குப்பத்தில், தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர். இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு அந்தப் பள்ளியில் அறுபத்து மூன்று பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், ஒரு குழாய். குழாயில் வாரத்துக்கு மூன்று நாள் தண்ணீர் வரும்.

பள்ளி வாசலை ஒட்டிய சுவரில் சிமென்ட் பூசிக் கறுப்படித்த பலகை ஒன்று இருந்தது. அதுதான் சாரின் உயிர். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் 'சென்ற வாரச் செய்திகள்'. வலப்பக்கம் 'வரும் வார நிகழ்ச்சிகள்'. தலைப்புக்குச் சிவப்பு சாக்பீஸ், தேதிக்கு மஞ்சள், மற்றதெல்லாம் வெள்ளை, நான்கு மூலையிலும் பூக்கொடி. திங்கள்: காய்கறித் தோட்டத் தொடக்க விழா நடைபெறும். செவ்வாய்: மாறுவேடப் போட்டி நடைபெறும். வியாழன்: தாய்மார் மாநாடு நடைபெறும். வெள்ளி: கிண்டி சிறுவர் பூங்காவுக்குக் கல்விச் சுற்றுளா. ஆமாம், 'சுற்றுளா'தான். அதுவும் ஒவ்வொரு மாதமும். எழுதியதோடு விடமாட்டார், திங்கட்கிழமை பிரார்த்தனை முடிந்ததும் பிள்ளைகளை வெயிலில் நிற்கவைத்து, வானொலிக் குரலில் முழுவதையும் வாசித்துக் காட்டுவார்.

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு அந்தப் பலகையின் முன்னால் ஓர் அதிசயம் நடக்கும். கத்திவாக்கம் ஸ்டேஷனுக்கு ஓடி ரயிலைப் பிடித்துக் கொருக்குப்பேட்டை வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருக்கிற சார், வலப்பக்கத்து வரிகளை அப்படியே இடப்பக்கம் எழுதுவார். எழுதும்போது 'நடைபெறும்' என்பதில் 'றும்' போய் 'ற்றது' வந்துவிடும். அவ்வளவுதான். தோட்டம் தொடங்கியாயிற்று, மாநாடு கூடிக் கலைந்தாயிற்று, அறுபத்து மூன்று பிள்ளைகளும் கிண்டியில் மானைப் பார்த்துத் திரும்பியாயிற்று. வீட்டில் போய்ச் செருப்பைக் கழற்றும்போதே, "இந்த வாரம் தலைக்கு மேல வேலை" என்பார். மனசார நம்பித்தான் சொல்வார்.

"சார், தோட்டம் எங்கே சார்?" என்று ஒருமுறை கேட்டார் தேவப்பிரியம் டீச்சர். ராயபுரத்திலிருந்து வருகிறவர், முதல் மூன்று வகுப்புகளுக்கும் அவர்தான். அதிகம் பேசமாட்டார், பேசினால் ஊசி.

"திட்டமெல்லாம் தயார், டீச்சர். மண்தான் வரவேண்டும்."

கடற்கரைப் பள்ளி. சுற்றிலும் மணல்தான்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் சார் ஓர் அறிவிப்பு எழுதினார். ஒரு தாய் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டாள். அங்கேதான் சிக்கல்.

சார் தம் மூக்குக் கண்ணாடியை மாற்ற ராயபுரத்தில் லியோனார்ட் என்ற கண் டாக்டரிடம் போயிருந்தார். பேச்சுவாக்கில், "எங்கள் பள்ளியில் ஒரு இலவச முகாம் நடத்தலாமே டாக்டர்" என்றார். டாக்டர், "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார். கண் டாக்டரே 'பார்க்கலாம்' என்றால் அதற்கு வேறென்ன அர்த்தம்? திங்கட்கிழமை பலகையில் ஏறிவிட்டது. 'புதன் காலை 9 மணி: மாபெரும் இலவசக் கண் பரிசோதனை முகாம் நடைபெறும்.'

கூடையோடு அந்த வழியாகப் போன மங்கை நின்று படித்தாள். அதே பள்ளியில் அஞ்சாவது வரை படித்தவள். விடிவதற்குள் காசிமேடு போய் ஏலத்தில் மீன் எடுத்து, திருவொற்றியூர்த் தெருக்களில் விற்று, மதியத்துக்கு மேல் வீடு திரும்புகிற பெண். அவள் மகள் மோகனப்ரியா நாலாம் வகுப்பு. பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் தப்பும் தவறுமாக எழுதுவாள். அதனால் சார் அவளைக் கடைசி வரிசைக்கு அனுப்பியிருந்தார். "மந்தம்மா. என்ன செய்வது?" என்று மங்கையிடமே சொல்லியிருந்தார். தேவப்பிரியம் டீச்சர் மட்டும் ஒருநாள், "கண்ணைக் காட்டிப் பாரு மங்கை" என்று சொல்லியிருந்தார்.

புதன்கிழமை மங்கை ஏலத்துக்குப் போகவில்லை. மகளுக்குத் தலைக்கு ஊற்றி, ரிப்பன் கட்டி, ஒன்பதுக்கெல்லாம் பள்ளி வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"டாக்டரு எங்க சார்?"

"வந்துகொண்டே இருக்கிறார்மா."

பன்னிரண்டு மணிக்கு மறுபடி எழுந்து வந்தாள். "இன்னும் வந்துகினே கீறாரா?"

சார் தொண்டையைச் செருமினார். "தவிர்க்க முடியாத காரணத்தால் முகாம் ஒத்திவைக்கப்படுகிறது. விரைவில் நடைபெறும்."

"விரைவில்னா இன்னா கெயம சார்?"

வாரத்தில் அப்படி ஒரு கிழமை இல்லாததால் சார் அலுவலக அறைக்குள் போய்விட்டார். அவருக்கும் வருத்தம்தான். டாக்டருக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே என்று தோன்றியது. நாளைக்குக் கண்டிப்பாகப் போடவேண்டும் என்று தனக்குத்தானே அறிவித்துக்கொண்டதும் அந்த வருத்தம் தணிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை நாலு மணி. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கை பாட்டுக்கு எழுதியது: 'மாபெரும் இலவசக் கண் பரிசோதனை முகாம் சிறப்பாக நடைபெற்றது. 63 பேர் பயனடைந்தனர்.'

திங்கட்கிழமை ஏலத்தில் மீன் கிடைக்காமல் காலிக் கூடையோடு சீக்கிரமே திரும்பிய மங்கை, பிரார்த்தனை நடக்கும்போது பள்ளி வாசலில் கூடையை இறக்கினாள். பலகையை ஒருமுறை படித்தாள். நம்பாமல் இன்னொருமுறை படித்தாள். பிறகு நேரே உள்ளே வந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் 'சார்' அப்படியே இருக்கும். 'நீங்க' மட்டும் 'நீ' ஆகிவிடும்.

"இன்னா சார் எய்திகீற? அறுபத்து மூணு பேரு பயனடைஞ்சாங்களாமே. அதுல எம்பொண்ணு எத்தினாவது ஆளு? சொல்லு சார்."

"அது வந்தும்மா, நிர்வாக ரீதியாக..."

"எந்த ரீதியா வேணா இருக்கட்டும். யாவாரத்த வுட்டுட்டு நான் இங்கதானே குந்திகினு இருந்தேன்? இங்க ஒண்ணுமே நடக்கல. நீ நடந்துச்சுன்ற. அப்போ நான் இன்னா, பேயா?"

பிள்ளைகள் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தன. தேவப்பிரியம் டீச்சர் வானத்தில் ஏதோ பறவையைப் பார்த்தார். சாருக்குக் காது மடல் சுட்டது. மாட்டிக்கொண்ட மனிதன் என்ன செய்வான்? பேச்சை எதிராளியின் பக்கம் திருப்புவான். சார் வாசலுக்கு நடந்து பலகையின் முன்னால் போய் நின்றார்.

"முகாம் கிடக்கட்டும். உங்கள் மகளுக்குப் படிப்பில் கவனம் போதாது. இதோ, நீங்களே பாருங்கள். மோகனப்ரியா! இங்கே வா. இந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது, படி."

பெண் வந்து நின்றாள். கண்ணை இடுக்கினாள். "பலகை கீது சார்."

"பலகையில்?"

"வெள்ளையா, மஞ்சளா, செவப்பா... அல மாதிரி இன்னாமோ போவுது சார்."

"கிட்டே போய்ப் பார்."

போனாள். இன்னும் போனாள். மூக்கு நுனி சுவரைத் தொடுகிற வரைக்கும் போனாள். அங்கே நின்று, நண்டு போல் பக்கவாட்டில் நகர்ந்தபடி, ஒரு தடங்கல் இல்லாமல், ஒரு எழுத்து பிசகாமல், இடப்பக்கம் முழுவதையும் வாசித்து முடித்துவிட்டுத் திரும்பினாள். மூக்கு நுனியில் சாக்பீஸ் தூள் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

மங்கை முந்தானையால் மகளின் மூக்கைத் துடைத்தாள். அவள் திட்டியிருந்தால் சாருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

சாருக்கு முதலில் வந்தது பச்சாதாபம் என்று நான் சொன்னால் அது அவர் பலகையில் எழுதுகிற மாதிரி ஆகிவிடும். முதலில் வந்தது ஒருவகை அவமானம். இரண்டு வருஷமாகச் சிவப்பும் மஞ்சளுமாகப் பார்த்துப் பார்த்து எழுதியதில் ஒரு எழுத்துகூட இந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேரவில்லையே! அதற்குப் பின்னால்தான் மற்றது வந்தது. 'மந்தம்' என்று தாம் சொன்ன சொல் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. டஸ்டரை எடுத்தார். முகாம் நடந்த வரியை அழித்தார். அழிக்கும்போது பக்கத்தில் இருந்த தாய்மார் மாநாடும் போயிற்று.

"கெளம்பும்மா, இன்னிக்கே போலாம்" என்றார். பத்து வருஷமாகப் பள்ளிக்குள் கேட்காத கொருக்குப்பேட்டை பேச்சு அவர் வாயிலிருந்து வந்தது. "எழும்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடலாம். கூடைய டீச்சராண்ட குட்து வை."

"இது நிகழ்ச்சி நிரலிலேயே இல்லையே சார்" என்றார் தேவப்பிரியம் டீச்சர், கூடையை வாங்கிக்கொண்டே.

கத்திவாக்கத்தில் ரயிலேறி, கடற்கரை ஸ்டேஷனில் வண்டி மாறி, எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி, நீண்ட பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். மங்கை மகளுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனாள். வாய் சும்மா இருக்காத சார், "பள்ளியில் உனக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டார்.

"திங்ககெயம நீங்க வாசிக்கிறது சார்."

அவர் கேலியோ என்று திரும்பிப் பார்த்தார். இல்லை. அந்தப் பெண் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். "ஆனி மாசம் மொதோ வாரம் தோட்டம். அதுக்கு அடுத்த வாரம் மாறுவேஷம். அப்பால கிண்டி. அப்பால பட்டம் வுடுற போட்டி..." ஒரு வருஷ அறிவிப்புகள், தேதி மாறாமல், அவர் குரலின் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பித்தாள். பார்க்க முடியாத பிள்ளை எல்லாவற்றையும் காதால் பிடித்து வைத்திருக்கிறது. இதுவா மந்தம்?

"மாறுவேஷம் எப்ப சார்? நான் ரெடியா கீறேன்."

கோதண்டம் சார் வாயைத் திறந்தார். 'விரைவில்' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினார். அவர் வாழ்க்கையில் விழுங்கிய முதல் அறிவிப்பு அதுதான்.

டாக்டரம்மா இரண்டு கண்ணுக்கும் மருந்து விட்டுப் பார்த்தார். கிட்டப் பார்வை, நிறையவே. "ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருக்கணும். ஸ்கூல்ல யாரும் கவனிக்கலையா?" என்றார். மங்கை சாரைப் பார்த்தாள், அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. சாரே எழுந்து, "நான்தாம்மா ஸ்கூல்" என்றார்.

பத்து நாளில் கண்ணாடி வந்தது. அதைப் போட்டுக்கொண்டு மோகனப்ரியா தெரு முனையில் நின்றே பள்ளிப் பலகையைப் படித்தாள். படித்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை: "சார், சுற்றுலாவுக்கு இந்த 'ளா' வராது சார்."

மாறுவேடப் போட்டி அடுத்த வெள்ளிக்கிழமை நடந்தது. நிஜமாக. தாய்மார்கள் கூட்டமாக வந்தார்கள், என்ன கூத்து என்று பார்க்க. ஒருவன் போலீஸ், ஒருத்தி நர்ஸ். மோகனப்ரியா கடைசியாக வந்தாள். அப்பா குமாரவேலின் சட்டை முழங்கால் வரை தொங்க, பையில் மூன்று நிறச் சாக்பீஸ், கையில் டஸ்டர், மூக்கின் மேல் புதுக் கண்ணாடி. தொண்டையைச் செருமிக்கொண்டு வானொலிக் குரலில், "அன்பார்ந்த மாணவச் செல்வங்களே! நாளைக் காலை ஒன்பது மணிக்குக் கடல் நம் பள்ளிக்கு வருகை தரும். அனைவரும் வருக!" என்றாள்.

குப்பமே விழுந்து விழுந்து சிரித்தது. மங்கைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோதண்டம் சார் ஒரு கணம் விறைத்து நின்றார். பிறகு அவருக்கும் தாங்கவில்லை. முதல் பரிசை அவரே கொடுத்தார்.

அதற்குப் பிறகு வலப்பக்கத்தில் வாரத்துக்கு இரண்டு வரிதான் இருந்தது. வெண்டைக்காய்த் தோட்டத்துக்குச் செம்மண் ஒரு மாட்டுவண்டி வந்து இறங்கியது. கிண்டிக்கு மட்டும் இன்னும் போகவில்லை. சார் திருந்திவிட்டார் என்று நான் எப்போது சொன்னேன்?

சிரித்து முடித்தீர்களா? நல்லது. தலைமை ஆசிரியர்களிடம் மட்டும் இந்த வியாதி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு புத்தகத்தை மூடாதீர்கள். போன மாதம் பஸ் நிறுத்தத்தில் ஒரு பழைய சிநேகிதரைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒருநாள் குடும்பத்தோட வீட்டுக்கு வாங்க, கட்டாயம் வரணும்" என்றீர்களே, அவர் அதை நம்பிவிட்டார். பெண்டாட்டி, பிள்ளைகள், மாமியார் சகிதம் இப்போது உங்கள் தெருவில் திரும்பிக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் பால் இருக்கிறதா?