அளவு தப்பிய பஞ்சு

உள்ளே போன சீப்பு வெளியே வரவில்லை.

தையல்காரர் இன்னொரு முறை இழுத்தார். பஞ்சு என்கிற அந்த நாயும் சீப்போடு சேர்ந்து நகர்ந்து வந்தது.

"நல்லா வாருறீங்க" என்றாள் மனைவி, பித்தான் தைத்துக்கொண்டே. "வாசல்ல இருந்த நாயை இங்க வரைக்கும் வாரிட்டு வந்துட்டீங்க."

பஞ்சு மாடிவீட்டு டீச்சருடையது. தரையைப் பெருக்கும் அளவுக்கு நீண்ட வெள்ளை முடி. தனியாக இருக்கும் அவர், தினமும் பள்ளிக்கூடம் கிளம்புமுன் அரை மணி நேரம் அதை வாரிவிடுவார். மூன்று வாரமாக அவர் வலது கையில் மாவுக்கட்டு, முடியெல்லாம் சிக்கு. மனம் கேட்காமல், "சாயங்காலம் நீங்க வர்றதுக்குள்ள பளபளன்னு ஆக்கி வைக்கிறேம்மா" என்று தையல்காரர் வலியப் போய் வாங்கிவந்தார். உதவப் போகிறவனை ஆண்டவன் முதலில் கொஞ்சம் கர்வத்தைக் கொடுத்துத்தான் சோதிப்பான் போலிருக்கிறது.

"எண்ணெய் விட்டா வழுக்கிட்டு வந்துடும்" என்றார் தையல்காரர்.

சீப்பு வந்தது. பஞ்சு நேராக மேசைக்கடியில் கிடந்த வெட்டுத்துணிக் குவியலுக்குள் புகுந்து, காலால் பறித்துப் பறித்து, சுற்றிச் சுற்றிப் படுத்தது. வெளியே இழுத்தபோது எண்ணெய் முடியெங்கும் நூலும் பிசிறும்.

"கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

"குளிப்பாட்டினா சரியாப் போயிடும்."

சரியாகப் போகவில்லை. நனைந்த சிக்கு காயக் காய இறுகி, ஒவ்வொன்றும் கயிற்று முடிச்சாயிற்று. சமாதானத்துக்கு நீட்டிய பிஸ்கட்டைப் பஞ்சு திரும்பியும் பார்க்காமல், மறுபடி துணிக் குவியலுக்கே ஓடியது.

"உங்ககிட்ட டூ விட்டுடுச்சு."

முப்பது வருஷமாகக் கத்தரி பிடித்த கை சும்மா இருக்குமா? வலது விலாவில் ஒரே ஒரு முடிச்சை வெட்டினார். பள்ளம் விழுந்தது. அதற்குச் சமமாக இடது பக்கம் வெட்டினார். அது ஒரு விரல் ஏறிவிட்டது. அளவுநாடா வந்தது, நீலச் சுண்ணக்கட்டியும் வந்தது. கோடு போட்டு நிமிர்வதற்குள் கோடு எழுந்து நடந்தது.

"கால்சட்டைக்கு ரெண்டு காலு. இதுக்கு நாலு. யோசிச்சு வெட்டுங்க."

"பேசாம வந்து பிடிடி."

நாலு மணிக்கு வெட்ட மிச்சம் எதுவும் இல்லை. தலையிலும் வாலிலும் மட்டும் முடி. நடுவில், உறை கழற்றிய தலையணை மாதிரி உருண்டையாக ஓர் உடம்பு.

"அம்மாடி, உள்ளுக்குள்ள இவ்வளவு குண்டா?" என்றாள் மனைவி. "டீச்சர் வஞ்சனை இல்லாமத்தான் போட்டிருக்காங்க."

"அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?" என்றார் தையல்காரர். "அவங்களுக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான்."

மனைவி சிரிப்பை விழுங்கினாள். "ஒரு சட்டை தெச்சுப் போட்டுடலாமா? குளிருதுன்னு சொல்லிக்கலாம்."

"எத்தனை நாளைக்கு? போய் உண்மையைச் சொல்லிடறேன். திட்டினா வாங்கிக்கறேன்."

கண்ணை மூடி வேண்டிக்கொண்டு, பஞ்சுவைத் தூக்கியபடி மாடியேறினார்.

கதவைத் திறந்த டீச்சர் பஞ்சுவைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தார்.

"மன்னிச்சிடுங்கம்மா. சிக்கெடுக்கத்தான் ஆரம்பிச்சேன்..."

டீச்சரின் கண் கலங்கிற்று. ஆனாலும், "முடிதானே, வளர்ந்துடும்" என்றார். "வேலையை விட்டுட்டு நாள் பூரா இதோட உட்கார்ந்திருக்கீங்களே, யாரு செய்வா?"

அவர் திட்டியிருந்தால் தையல்காரருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டீச்சர் குனிந்து பார்த்தார். "ஏன் இப்படி நடுங்குது? கத்தரி எங்கேயாவது பட்டிருச்சா?"

தையல்காரருக்குப் பாதி உயிர் போய்விட்டது. செருப்புகூடப் போடாமல் ஓடி, எதிர்வீட்டுக் கால்நடை மருத்துவரம்மாவைக் கையோடு அழைத்துவந்தார்.

மருத்துவர் காயம் தேடினார். இல்லை. வயிற்றைத் தடவினார்; மெல்ல அழுத்தினார்; குழாயை வைத்துக் கேட்டார். பிறகு நிமிர்ந்து, தையல்காரரை மிகுந்த மரியாதையோடு பார்த்தார்.

"குட்டி போடப்போற நாய்க்கு முதல் நாளே வயித்து முடியை எல்லாம் சுத்தமா எடுத்துவிடணும்னு உங்களுக்கு யாருங்க சொல்லிக்கொடுத்தா?"