நான் போட்ட சுற்றறிக்கையும் உங்கள் பேத்தியின் காய்ச்சலும்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். பேத்திக்கு உடம்புக்கு முடியாமல் போனதை உங்கள் மகள் இதற்குள் போனில் சொல்லியிருப்பாள். அவள் சொன்னது ஒரு பக்கம். மறுபக்கத்தைச் சொல்வது என் கடமை.

தலைமையாசிரியர் என்ற முறையில், காய்ச்சலோ வாந்தியோ உள்ள பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பக்கூடாது என்று போன மாதம்தான் பெற்றோருக்குச் சுற்றறிக்கை விட்டேன். நல்ல சுற்றறிக்கை, எழுத்துப்பிழைகூடக் கிடையாது. திங்கட்கிழமை காலையில் சிட்டு எழுந்து வந்து, பல்கூடத் தேய்க்காமல் சோபாவில் சுருண்டு படுத்துக்கொண்டாள். அன்றைக்குப் பார்த்து எனக்குப் பள்ளியில் அதிகாரிகள் ஆய்வு, உங்கள் மகளுக்கு ஆபீஸில் தணிக்கை. நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "லேசான சூடுதான், தூங்கி எழுந்தா எல்லாருக்கும் இருக்கும்" என்றேன். அவள் தொட்டுப் பார்த்து, "கொதிக்குது, நீங்க லீவு போடுங்க" என்றாள். "கொதிச்சா நீ போடேன்." "நான் போடற அளவுக்குக் கொதிக்கலை." தெர்மாமீட்டரை நான் பாதியிலேயே உருவிட்டேன்னு அவ சொல்லியிருப்பா. மணி ஓடிக்கிட்டு இருந்தது மாமா, அது ஏறுற வரைக்கும் யார் காத்திருக்கறது? கடைசியில பிள்ளையையே கேட்டோம். எங்க ரெண்டு பேர் மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்துட்டு, "போறேம்பா"ன்னா. அப்பாடான்னு இருந்துச்சு, ரெண்டு பேருக்கும்தான்.

பள்ளியில என் அறையில உட்கார்ந்து அதிகாரிகிட்ட அந்தச் சுற்றறிக்கையைக் காட்டிக்கிட்டு இருக்கேன், போன் அடிக்குது. பக்கத்து அறையில இருக்கற எழுத்தர் அம்மா. "சார், ரெண்டாம் வகுப்புல ஒரு பிள்ளைக்கு நல்ல காய்ச்சல், வகுப்பிலேயே வாந்தி எடுத்துருச்சு." "பெத்தவங்களுக்குப் போன் பண்ணும்மா." "அதான் சார் பண்ணியிருக்கேன்." அதிகாரி விஷயம் என்னன்னு கேட்டார். ஒரு பிள்ளையைக் காய்ச்சலோட அனுப்பிட்டாங்கன்னு சொன்னேன். "இப்படியும் பெத்தவங்க இருக்காங்க பாருங்க"ன்னார். ஆமாங்கன்னு சொல்லிட்டு எழுந்து போனேன். பெஞ்சுல படுத்திருந்த பிள்ளை என்னைப் பார்த்ததும், "உங்க வேலை முடிஞ்சிருச்சாப்பா? நான் இருக்கேன், முடிச்சிட்டே வாங்க"ன்னா. அவளைத் தோள்ல போட்டுக்கிட்டு அதிகாரி கண்ணு முன்னாடியே வாசலுக்கு நடந்தேன். அவர் மேஜையில கிடந்த சுற்றறிக்கையை எடுத்து இன்னொரு தடவை படிச்சார்.

அன்னையிலேர்ந்து நான்தான் லீவு. இப்போ காய்ச்சல் விட்டு, பசிக்குதுன்னு கேட்க ஆரம்பிச்சிருக்கா. அவளோட பெஞ்சுல உட்கார்ந்த ரெண்டு பிள்ளைகளும் வகுப்பு டீச்சரும் படுத்திருக்காங்க. அவங்களைப் போய்ப் பார்த்துட்டு வந்தேன். இனிமே காய்ச்சலைப் பிள்ளையோட உடம்புலதான் பார்ப்போம், எங்க காலண்டர்ல பார்க்கறதில்லைன்னு முடிவு பண்ணியிருக்கோம். ஆகவே தாங்கள் கோபத்தைத் தணித்து, அத்தையிடமும் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

தங்கள் ஆசியை என்றும் நாடும்,
மருமகன்.

பி.கு.: தபாலில் சேர்க்கும் முன் இதை உங்கள் மகளிடம் காட்டினேன். "அப்பாகிட்ட நான் மூச்சே விடலையே" என்கிறாள். மறுபடியும் எழுத நேரமில்லாததால் அப்படியே அனுப்புகிறேன். மேலே உள்ள எதையும் தயவுசெய்து படிக்க வேண்டாம்.