மந்திரியின் மெத்தை

மெஷினை மிதித்து மிதித்து அய்யாதுரைக்கு இடுப்பு செத்துவிட்டது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. இந்த லட்சணத்தில் நாய்க்கு மெத்தை வேறு.

தி. நகரில், சுந்தரவல்லியின் புடவைக் கடை மாடிப்படிக்கு அடியில்தான் பத்து வருஷமாக அவன் தையல் மெஷின் கிடந்தது. வாடகை கிடையாது, அம்மா சொன்னதைத் தைக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன் அம்மாவிடம் ஒரு வெள்ளை நாய் வந்து சேர்ந்தது. பெயர் மந்திரி. கல்லாவுக்கு அடியில் கிடந்து நாள் முழுக்க ஊளையிட்டது.

"பேரு நான் வச்சதில்ல, அதோடயே வந்தது," என்றாள் சுந்தரவல்லி. "தரை சில்லுன்னு இருக்குபோல. நல்லதா ஒரு மெத்தை தச்சுப் போடுய்யா."

வெல்வெட்டில் தைத்தான். மந்திரி மோந்து பார்த்தது. காலைத் தூக்கியது.

சுற்றிலும் ஓரம் உயர்த்தி இன்னொன்று தைத்தான். மந்திரி அதை வாசல்வரை இழுத்துப் போனது. புடவை எடுக்க வந்த ஓர் அம்மாள் தடுக்கி விழுந்தாள்.

மூன்றாவதில் இலவம்பஞ்சு அடைத்தான். அரை மணியில் கிழித்தது. பிரித்துப் போட்டிருந்த கல்யாணப் பட்டின் மேலெல்லாம் பஞ்சு. கல்யாண வீட்டார் எதிர்க் கடைக்குப் போனார்கள்.

"அய்யாதுரை, வெள்ளிக்கிழமைக்குள்ள நாய் படுக்கணும். இல்லன்னா மெஷினைத் தூக்கிக்கிட்டு நீ கிளம்பணும்."

"எம்புள்ளைக கோணிச்சாக்குல படுக்குதுகம்மா. ஒரு நாளும் ஊளையிட்டதில்ல."

"அதுக என் யாவாரத்தைக் கெடுக்கலியே."

வியாழக்கிழமை கையில் துணி இல்லை. ஒரே ஒரு மூட்டை இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் நடந்த எழுபத்தொன்றாம் வருஷத் தேர்தலுக்குக் கோதண்டபாணி என்ற சுயேச்சை நாற்பது பேனர் தைக்கச் சொன்னான். தோற்றான், கூலி தராமல் காணாமல் போனான். கம்பங்களில் மிஞ்சியதை அய்யாதுரையே அவிழ்த்து வந்து வைத்திருந்தான். எழுத்து உள்பக்கம் போகும்படி தைப்பதாகத்தான் நினைத்தான். இடுப்பு வலியில் கண் இருண்டது. திருப்பிப் பார்க்காமல் கொண்டுபோய்ப் போட்டான்.

மந்திரி மோந்தது. மூன்று முறை சுற்றியது. படுத்துக் குறட்டை விட்டது.

சுந்தரவல்லி குனிந்தாள். வாலுக்குப் பக்கத்தில் குடைச் சின்னம். மூக்குக்கு நேரே பெரிய எழுத்தில் 'உங்கள் கோதண்டபாணி'.

அவள் முகம் கறுத்தது. "இந்தப் பேரை என் கடைக்குள்ள கொண்டுவர உனக்கு எப்படிய்யா மனசு வந்தது?" மெத்தையைப் பிடித்து இழுத்தாள். மந்திரி பல்லைக் காட்டியது. பிறகு கடை அதிர ஊளையிட்டது. கையை எடுத்துவிட்டாள்.

"கிடக்கட்டும். நீயும் கிட," என்று கல்லாவில் போய் உட்கார்ந்தாள்.

மெஷினைக் கட்ட எடுத்த கயிற்றோடு அய்யாதுரை வாசலுக்கு வந்தான். "இனாயத், அம்மாவுக்கு அந்தக் கோதண்டபாணி மேல என்னய்யா கோவம்?"

வாட்ச்மேன் இனாயத் பீடியை அணைத்தான். "உனக்குத் தெரியாதா நைனா? அந்த நாயே அவன்தான் வளத்தது, எலீக்சன் ஆபீஸ்ல, இந்தத் துணி மேல. அம்மாகிட்ட வாங்கின கடனுக்கு அதைக் கட்டிட்டுப் பூட்டான். அவங்களுக்கு நாயாவது வந்துச்சு, உனக்குக் கந்தலாவது வந்துச்சு. எனக்கு இருபது நாள் கோஷம் போட்ட கூலி இன்னும் பாக்கி கீது."