கதவைத் தட்டியவரை எனக்கும் தெரியாது

இனிமேல் வாரம் தவறாமல் எழுதுவது என்று நான் முடிவெடுத்தபோது என் மனைவி பக்கத்தில் நின்றாள். அவள் நிற்கவில்லை என்றால் அப்படி ஒரு முடிவை நான் எடுத்திருக்கவே மாட்டேன்.

நான் ஒரு காலத்தில் எழுத்தாளன். இப்போது லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் புகார் கேட்கிற உத்தியோகம். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் போன் செய்வார்கள். "பதற்றப்படாதீங்க, ஆள் வந்துகிட்டே இருக்கு" என்பேன். அதுவும் ஒருவகைக் கற்பனைதான்.

எழுத்தாளனாக இருந்த நாளில் ஒரு வாரப் பத்திரிகையில் மர்மத் தொடர் எழுதினேன். பெரிய பங்களா. அதில் ஒரு பெண் தன்னந்தனியாக இருக்கிறாள். ஏன் தனியாக என்றால், மற்ற எல்லோரையும் நான் கொன்றுவிட்டேன். வாரத்துக்கு ஒரு கொலை என்றுதான் ஆரம்பித்தேன். வாசகர்கள் பாராட்டியதும் கை தாராளமாகிவிட்டது. ஒரு வாரம் 'திடீரென்று கதவு தட்டப்பட்டது' என்று அத்தியாயத்தை முடித்து அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. தட்டுவதற்குக் கதையில் ஆளே மிச்சமில்லை.

நல்லவேளையாக அந்த அத்தியாயம் வெளியானதோடு பத்திரிகை நின்றுபோனது. ஆசிரியர் அழுதார். நானும் கூடவே அழுதேன். என்னுடையது ஆனந்தக் கண்ணீர்.

ஆனால் ஒரு வாசகி விடவில்லை. விலாசம் விசாரித்து நேரிலேயே வந்துவிட்டாள். கதவைத் தட்டியது யார் என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் மர்மமாகப் புன்னகைத்தேன். மறுபடி வந்தாள். மறுபடி புன்னகைத்தேன். அது கல்யாணத்தில் போய் முடிந்தது.

அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். டாக்டர்களின் கையெழுத்தையே படித்துவிடுகிற கண்கள். அப்படிப்பட்டவளிடமிருந்து இத்தனை வருஷமாக ஒரு ரகசியத்தைக் காப்பாற்றி வந்தேன் என்றால் என் சாமர்த்தியத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்றும் திடீரென்று கேட்பாள். நான் சட்டையில் பொத்தான் இல்லை என்று ஆரம்பித்திருப்பேன். "அது கிடக்கட்டும்ங்க, அந்தக் கதவைத் தட்டினது யாருன்னு இன்னைக்காவது சொல்லுங்களேன்" என்பாள், அவ்வளவு ஆசையாக. நான் புன்னகைத்துவிட்டு, பொத்தான் இல்லாத சட்டையோடு கம்பீரமாக நகர்ந்துவிடுவேன். வீட்டில் எனக்கிருந்த ஒரே மரியாதை அந்தக் கதவுதான்.

இந்த நிலையில்தான் பழைய ஆசிரியர் போன் செய்தார். பத்திரிகையை மறுபடி தொடங்குகிறாராம். விட்ட இடத்திலிருந்து என் தொடர் வரவேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் அத்தியாயம் வேண்டுமாம். மனைவி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். முடியாது என்றால் ஏன் என்று கேட்பாள். தெரியாது என்று சொன்னால் மானம் போகும். "வாரம் தவறாம எழுதுறேன் சார்" என்றேன்.

அன்றே ஜன்னலோரம் மேஜை வந்தது. தொலைக்காட்சி ஊமையானது. போன் செய்த கொழுந்தியாளிடம்கூட "அவர் எழுதிட்டிருக்கார்" என்று ரகசியக் குரலில் சொன்னாள். நான் எழுதினேன். 'கதவு தட்டப்பட்டது' என்று எழுதினேன். அடித்துவிட்டு, 'கதவு பலமாகத் தட்டப்பட்டது' என்று எழுதினேன். மூன்று நாளில் தட்டும் பலம் கூடியதே தவிர ஆள் வரவில்லை.

பக்கத்து வீட்டில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். பொதுவாகப் பேசுவதுபோல் அவரிடம் யோசனை கேட்டேன். வாடகை கேட்க வந்த வீட்டுக்காரராக இருக்கும் என்றார். வீட்டுக்காரரை நான் முதல் வாரமே கொன்றிருந்தேன். அப்போது நான் வாடகை வீட்டில் இருந்தவன்.

கடைசியில் மனைவியிடமே வலை வீசினேன்.

"ஒரு வாசகிங்கிற முறையில, தட்டினது யாரா இருக்கும்னு நீ நினைக்கிற?"

"நான் எதுக்குங்க மண்டையை உடைச்சுக்கணும்? அதான் உங்களுக்குத் தெரியுமே."

வியாழக்கிழமை மாலையும் ஆகிவிட்டது. விடிந்தால் வெள்ளி. ஒரே வழிதான் தெரிந்தது. குளியலறையில் வழுக்கி விழவேண்டும். வலது கை பிசகவேண்டும். கை பிசகியவனிடம் யார் அத்தியாயம் கேட்பார்கள்? உள்ளே போய் வாளியைத் தூக்கித் தரையில் போட்டேன். "அம்மா!" என்று அலறினேன். துண்டை வலது கையில் கட்டிக்கொண்டு, முகத்தில் வலியை வரவழைத்து, கதவை இழுத்தேன்.

திறக்கவில்லை. மறுபடி இழுத்தேன். அசையவில்லை. வலியெல்லாம் மறந்து இரண்டு கையாலும் தட்டினேன்.

"யாரது?" என்றாள் மனைவி வெளியிலிருந்து.

"நான்தான்."

"நான்னா?"

"உன் புருஷன். கதவு மாட்டிக்கிச்சு, திற."

"எங்கேர்ந்து தட்டுறீங்க?"

"உள்ளேயிருந்துதான்."

"அட, கதவை உள்ளேயிருந்துகூடத் தட்டலாமா?" என்றாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். நாள் முழுக்க உள்ளேயிருந்து தட்டுகிறவர்களிடம் பேசித்தானே சம்பளம் வாங்குகிறேன்! இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? பங்களாவில் சாமான் அறை ஒன்று இருந்தது. ஆரம்பத்திலேயே கணக்குப்பிள்ளை ஒருவர் காணாமல் போயிருந்தார். வேலை மும்முரத்தில் அவரைக் கொல்ல மறந்திருந்தேன். தட்டியது அவர்தான்! உள்ளேயிருந்து!

கதவு திறந்ததும் நேராக மேஜைக்கு ஓடினேன். பேனா வழுக்கிக்கொண்டு போனது. பாதி அத்தியாயத்தில்தான் கவனித்தேன், பிசகிய கையில் கட்டிய துண்டோடு எழுதிக்கொண்டிருக்கிறேன். மனைவி அதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மங்கையர்க்கரசி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆசிரியர் படித்துவிட்டு, இத்தனை வருஷக் காத்திருப்பு வீண்போகவில்லை என்றார். மனைவியும் படித்து வாய்பிளந்தாள். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்தாற்போல் இருந்தது. இனி அந்தக் கேள்வி இல்லை. அந்தப் புன்னகையும் தேவையில்லை. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிறு காலை பெருந்தன்மையோடு, குளியலறைத் தாழ்ப்பாளைச் சரிசெய்யத் தச்சரை வரச்சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வேணாங்க. தாழ்ப்பாள் நல்லாத்தான் இருக்கு. வெளித் தாழ்ப்பாளை நான்தான் போட்டேன்."

"நீயா?"

"பின்னே? வாளி விழுந்துச்சே தவிர நீங்க விழுந்த சத்தமே கேக்கலயே. அதோட உங்களுக்கும் யோசனை வேணுமே."

"அப்போ எனக்குத் தெரியாதுங்கிறது உனக்கு..."

"கல்யாணமான மாசமே தெரியும். தூக்கத்துல 'யாரது, யாரது'ன்னு நீங்கதானே கேட்டுக்கிட்டிருந்தீங்க. வியாழக்கிழமை வரைக்கும் கேட்டீங்க. ரெண்டு நாளாத்தான் கேக்கல."

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட நிம்மதி பெரிதாக இருந்தது. இவ்வளவு வருஷமும் தெரியாதவன் என்று தெரிந்தே என்னோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள். அவளிடம் ஒளிக்க இனி எதுவுமில்லை.

"தெரிஞ்சுக்கிட்டே ஏம்மா வருஷக்கணக்கா கேட்ட?"

"வேற எதைக் கேட்டா நீங்க வாயை மூடுறீங்க?" என்று சொல்லி டீயை நீட்டினாள்.

பொத்தான் இல்லாத சட்டைகள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து போயின. சரி, போனது போகட்டும். அந்த ஆயுதம் இனி அவளிடம் இல்லை. இன்று முதல் நான் சுதந்திர மனிதன். டீயை ஒரு வாய் குடித்தேன். சர்க்கரையே இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்தேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இந்த டீயில..." என்று ஆரம்பித்தேன்.

"அது கிடக்கட்டும்ங்க. அத்தனை வாரமா அந்தக் கணக்குப்பிள்ளை சாமான் அறைக்குள்ள என்னத்தைச் சாப்பிட்டார்?"

டீ நன்றாகத்தான் இருந்தது.